உதவி: 1981-இன் ராட்சதச் சிலந்திகளை ஐந்தாம் பதிப்புக்குள் கொண்டுவர வேண்டும், டாரன்டெல்லா படுத்துகிறது

நொய்யல்_டிஎம்

வணக்கம்ங்க. திருப்பூர்ப் பக்கம் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு ஆடுகிற கூட்டம் எங்களுடையது. ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். சண்டைக்கு ஃபைட்டர், பதுங்கிக் குத்த ரோக், குணப்படுத்த கிளெரிக், பாட்டுக்கு பார்ட் என்று நாலு பேர், எல்லோரும் மூன்றாம் லெவல். கதை நடப்பது நம்ம சீமையில்தான். கொடுமணலில் கல்மணி செய்கிற பட்டறைகள், அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குப் போகிற வண்டித்தடம், வழியில் ஆள் போகாத ஒரு பஞ்சுக் கிட்டங்கி.

அந்தக் கிட்டங்கிக்குள் 1981 அடிப்படை விதிநூலின் மூன்று ராட்சதச் சிலந்திகளையும் விடலாம் என்று ஆசை. கிராப் ஸ்பைடர், பிளாக் விடோ, டாரன்டெல்லா. பழைய ஏசியை (அடி படாமல் காக்கிற எண்) 19-இலிருந்து கழித்துக்கொண்டேன், ஹிட் டைஸை (உயிர்ப்புள்ளிக்கான பகடைகள்) அப்படியே உருட்டினேன். தனியாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தால் ஒன்றும் தேறவில்லை.

பிளாக் விடோவுக்கு ஏசி 13, ஹெச்பி (உயிர்ப்புள்ளி) சராசரியாகப் பதிமூன்று பதினாலு. ரோக் பதுங்கி வந்து ஒரு குத்து விட்டால் முடிந்தது. அது முந்திக்கொண்டு கடித்து, சேவ் (தப்பிக்க உருட்டுகிற பகடை) தவறினாலோ கேரக்டர் காலி. இரண்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. டாரன்டெல்லா இன்னும் மோசம். கடிபட்டவன் நடனமாட ஆரம்பிக்கிறான், பார்க்கிறவனும் சேவ் தவறினால் ஆடுகிறான், 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடையின் கூட்டு) டர்ன் ஓய்வில்லை. நாலு பேரும் ஆடினால் அப்புறம் எதற்கு மேசை, எதற்குப் பகடை? வலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், எங்கள் கிளெரிக் கையில் தீப்பந்தம் இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டான்.

யாராவது இதை மாற்றி ஆடியிருந்தால் சொல்லுங்க.

கொறங்காட்டான்

எண்ணை மாற்றுகிற வேலையை முதலில் நிறுத்துங்க. ஏசியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அது ஓரளவு பொருந்தும். ஹெச்பியும் டேமேஜும் பொருந்தவே பொருந்தாது. அந்தக் காலத்தில் மூன்றாம் லெவல் ரோக்குக்கு மூன்று டி4-தான் உயிரே. இப்போது ஒரே குத்தில் அதைவிட அதிகம் போடுகிறான். ஆள் ஊதிப்போய்விட்டான், சிலந்தி மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் நசுங்கத்தான் செய்யும்.

பழைய குறிப்பைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேளுங்க: இது எதிரே வந்தால் ஆட்டக்காரன் என்ன செய்வான்? கிராப் ஸ்பைடர் கூரையில் ஒட்டிக்கொண்டு மேலே விழும், அதனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பான். பிளாக் விடோ வலையை விட்டு வந்தால் பாதி வேகம்தான், அதனால் அதை வெளியே இழுக்கப் பார்ப்பான். அந்தப் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எண்களைப் புதுநூலில் அதே பலமுள்ள பிராணியிடமிருந்து எடுத்துவிடுங்க. கிராப் ஸ்பைடருக்கு ஜயன்ட் வுல்ஃப் ஸ்பைடர் உடம்பு (ஏசி 13, ஹெச்பி 11, பலத்தைச் சொல்கிற சிஆர் கால்). விடோவுக்கு ஜயன்ட் ஸ்பைடர் உடம்பு (ஏசி 14, ஹெச்பி 26, சிஆர் 1).

புது ஜயன்ட் ஸ்பைடரின் விஷத்தைக் கவனித்தீர்களா? கடியின் விஷத்தால் ஹெச்பி பூஜ்யமானாலும் ஆள் சாவதில்லை. ஒரு மணி நேரம் அசையாமல் கிடப்பான், அவ்வளவுதான். சிலந்தி இரையைச் சுருட்டி அப்புறம் சாப்பிடுகிற ஜந்து, அதற்கு இதுதான் சரி. ஆள் செத்தால் புதுக் கேரக்டர் ஷீட் எழுத வேண்டும். ஆளைத் தூக்கிக்கொண்டு போனால் அடுத்த ஞாயிறுக்குக் கதை கிடைக்கும்.

வலைக்குத் தீ ஆகாது என்பது விதி, அதை மாற்ற வேண்டாம். உங்களுக்கு இருப்பது பஞ்சுக் கிட்டங்கி சாமி! வலைக்குள் வண்டிக்காரன் ஒருவனை உயிரோடு தொங்கவிடுங்க, கீழே அவிழ்ந்த பஞ்சுப் பொதிகளை வையுங்க. கிளெரிக் பந்தத்தை நீட்டட்டும் பார்க்கலாம்.

பழைய_பகடை

ஒரு சேவில் சாவு என்பதை எல்லோரும் திட்டுகிறார்கள். நூலைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு. பிளாக் விடோ கடித்தால் உடனே சாவு என்று எங்கே எழுதியிருக்கிறது? ஒரு டர்னில் சாவு. அந்தக் கணக்கில் டர்ன் என்பது பத்து நிமிடம். கிராப் ஸ்பைடர் கடிக்கு ஒன்று முதல் நாலு டர்ன், சேவுக்கு இரண்டு கூட்டிக்கொள்ளவும் செய்யலாம். அந்தப் பத்து நிமிடம்தான் ஆட்டமே. கடிபட்டவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும், மருந்து தேட வேண்டும், எவனோ ஒரு பூசாரியின் காலில் விழ வேண்டும்.

அதை அப்படியே கொண்டுவரலாம். சேவ் தவறினால் பாய்சன்டு (விஷமேறிய) நிலை, பத்து நிமிடக் கடிகாரம் ஓடுகிறது. முடிவில் இன்னொரு சேவ், அதுவும் தவறினால் ஹெச்பி பூஜ்யம். இரண்டு கட்டமாகத் தவறவிடுவது புது விதிகளுக்குப் புதிதல்ல, பாசிலிஸ்க் கல்லாக்குவது அப்படித்தான். மூன்றாம் லெவல் கிளெரிக்குக்கு லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் மந்திரம் உண்டு, விஷம் போய்விடும். ஆனால் இரண்டாம் நிலை மந்திரம் நாளுக்கு இரண்டுதான். அதைக் காயத்துக்கு வைப்பதா, கடிக்கு வைப்பதா என்று கிளெரிக் தலையைச் சொறிவான். 50 பொன்னுக்கு ஆன்டிடாக்சின் (விஷமுறிவு) வாங்கி வைத்தவன் புத்திசாலி, இரண்டாவது சேவை அட்வான்டேஜோடு (இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது) உருட்டுவான்.

அதற்கு முன்னால் தடயம் கொடுத்துவிட வேண்டும். வாசலிலேயே உறிஞ்சிப்போட்ட காளையின் கூடு கிடக்கட்டும். அதையும் தாண்டி உள்ளே போனால் அது அவர்கள் பாடு.

நொய்யல்_டிஎம்

இரண்டு பேருக்கும் நன்றிங்க. விடோ தேறிவிட்டது, பத்து நிமிடக் கடிகாரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். டாரன்டெல்லாவுக்கு யாரும் வாயே திறக்கவில்லையே? பேசாமல் அதைத் தூக்கிவிடலாமா என்று தோன்றுகிறது.

ஜமாப்_பார்ட்

தூக்காதீங்க! மூன்றில் உருப்படியானதே அதுதான்.

பழைய குறிப்பில் ஆடுகிறவனுக்குத் தாக்கும்போது நாலு குறைவு, அவனைத் தாக்குகிறவனுக்கு நாலு கூடுதல். ஐந்தாம் பதிப்பில் அது டிஸ்அட்வான்டேஜும் (இரண்டு முறை உருட்டி மோசமானதை எடுப்பது) அட்வான்டேஜும்தான், கணக்குப் போடவே வேண்டியதில்லை. ஓட்டோஸ் இர்ரெசிஸ்டிபிள் டான்ஸ் என்று ஆறாம் நிலை மந்திரம் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துப் பாருங்க. ஆடுகிறவன் நின்ற இடத்திலேயே ஆடி நகர்வு முழுவதையும் செலவழிக்கிறான், ஆனால் ஆக்ஷன் அவன் கையில்தான். ஆடிக்கொண்டே வாள் வீசலாம். உங்கள் மேசை முடங்காமல் இருக்க அந்த ஒன்று போதும்.

பார்க்கிறவர்களுக்கு 30 அடிக்குள் விஸ்டம் (மனவுறுதி) சேவ். ஒருமுறை தப்பித்தவனுக்கு அன்று முழுக்கத் தொந்தரவில்லை. கண்ணைத் திருப்பிக்கொண்டால் சேவே வேண்டாம், ஆனால் சிலந்தியைப் பார்க்காமல் அடிப்பதால் டிஸ்அட்வான்டேஜ். கண்ணைத் திருப்புவதா, துணிந்து பார்ப்பதா என்று ஒவ்வொருவனும் தன் முறை வரும்போது யோசிக்க வேண்டும். பழைய நூலில் ஐந்து டர்ன் ஆடினால் களைத்து விழுவான். சண்டையில் அவ்வளவு நேரம் ஏது? தொடர்ந்து மூன்று சேவ் தவறினால் எக்ஸாஷன் (களைப்பு) ஒரு நிலை என்று சுருக்கிவிடலாம்.

இப்போது உங்கள் பார்ட். தெற்கு இத்தாலியின் டரான்டோ பக்கம் சிலந்தி கடித்தவர்களை ஆடவிட்டே குணப்படுத்துவார்களாம். கஞ்சிராவைப் போன்ற வாத்தியமும் வயலினுமாக ஆட்கள் வந்து, ஆடுகிறவர் ஓய்கிறவரை வாசிப்பார்கள். பழி விழுந்தது அங்கே தரையில் ஓடுகிற ஓநாய்ச் சிலந்தி மேல், அதற்கு அப்படியொன்றும் விஷம் கிடையாது. அந்த வைத்தியத்தை உங்கள் பார்டிடம் கொடுத்துவிடுங்க. ஆக்ஷனைச் செலவழித்து பர்ஃபார்மன்ஸ் (வாசிப்புத் திறன்) உருட்டலில் 12 எடுத்தால், 30 அடிக்குள் ஆடுகிறவர்களுக்கெல்லாம் அடுத்த சேவில் அட்வான்டேஜ். நம்ம கோயில் நோம்பியில் ஜமாப் மேளம் அடிக்கிறவர் அடியை மாற்றியதும் கூட்டத்தின் கால் மாறுவதைப் பார்த்திருப்பீர்களே, மேசையில் அதை விவரித்தாலே போதும். எங்கள் குழுவில் இதை வைத்தபோது அதுவரை ஓரத்தில் அம்பு விட்டுக்கொண்டிருந்த பார்ட்தான் அன்றைக்கு நாயகன்.

ஒன்று மட்டும், ஆடுகிற ஆட்டத்துக்கு வள்ளி கும்மி, ஒயிலாட்டம் என்றெல்லாம் பெயர் வைக்காதீங்க. ஊரில் நாள் பார்த்து ஆடுகிறதைச் சிலந்திக்கடி ஆக்கினால் வீட்டுப் பெரியவர்கள் மாடிப்படியைப் பூட்டிவிடுவார்கள்.

கொறங்காட்டான்

இத்தாலிக்கு ஏன் போக வேண்டும்? மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மரப்பொந்துக்குள் இருக்கிற பெரிய ரோமச் சிலந்திகள் உண்டு, பொயிசிலோதீரியா இனம். கடித்தால் சாவு கிடையாது, தசை பிடித்து இழுக்கும், அந்த இழுப்பு சிலருக்கு நாள்கணக்கில் விட்டு விட்டு வரும். டாரன்டெல்லாவை ஆனைமலைப் பக்கமிருந்து தடி லோடோடு வந்து இறங்கியதாக வைத்தால் கதையும் ஒட்டும்.

சிலந்தியோடு நிறுத்தாமல் தேளையும் சேர்த்துக்கொள்ளுங்க. 1977 மான்ஸ்டர் நூலின் ராட்சதத் தேளுக்கு இரண்டு கிடுக்கியும் பலம், வாலும் சாவு. நிஜத்தில் பெரும்பாலும் அப்படி இராது. கருந்தேளுக்குக் கிடுக்கி பெரிது, விஷம் குறைவு. செந்தேள் சின்னது, கிடுக்கி ஒல்லி, ஆளைக் கொல்வது அதுதான். ஆக ஒரே தேளை இரண்டாகப் பிரியுங்க. பெரியது பிடித்துக்கொண்டு விடாது, வால் வெறும் வலி. நாய் அளவில் இன்னொன்று, அதற்குத்தான் 4டி10 விஷம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் பெரியதைப் பார்த்துப் பின்வாங்கிச் சின்னதன் மேல் போய் விழுவார்கள். இரண்டுக்கும் ட்ரெமர்சென்ஸ் கொடுங்க, தேள் காலில்தான் அதிர்வைக் கேட்கிறது. ரோக்கின் பதுங்கல் மண்தரையில் செல்லாது, பஞ்சுப் பொதி மேல் நடந்தால் செல்லும். புறஊதா வெளிச்சத்தில் தேள் பச்சை நீலமாய் ஒளிரும் என்பதும் நிஜம்தான், ஏதாவது மந்திர விளக்குக்கு அந்தக் குணத்தைக் கொடுத்துவிடலாம்.

நொய்யல்_டிஎம்

தேளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்கிறேன், கிணற்றுக்குள் இறங்கும்போது தேவைப்படும். இப்போதைக்கு எழுதியது இது:

டாரன்டெல்லா, சிஆர் 2. ஏசி 14, ஹெச்பி 45 (6டி10+12), வேகம் 30, சுவரேற்றம் 30. கடி +5, 1டி8+3, கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) சேவ் 12 தவறினால் ஆட்டம். 30 அடிக்குள் பார்க்கிறவர்களுக்கு விஸ்டம் 12. ஒவ்வொரு முறை முடிவிலும் மறு சேவ். பார்ட் வைத்தியம் மேலே சொன்னபடி.

இதோடு கூரையில் இரண்டு கிராப், மூலையில் ஒரு விடோ. நாலும் ஒரே கூடத்தில். சரியா இருக்குமா?

பழைய_பகடை

விடோவை அதே கூடத்தில் வைக்காதீங்க. அனுபவப்புள்ளிக் கணக்கில் டாரன்டெல்லா 450, கிராப் இரண்டும் சேர்ந்து 100, மொத்தம் 550. மூன்று பிராணி என்பதால் இரண்டால் பெருக்கினால் 1100. மூன்றாம் லெவல் நாலு பேருக்கு ஹார்ட் (கடினம்) 900, டெட்லி (உயிருக்கே ஆபத்து) 1600, ஆக அது நல்ல சண்டை. விடோவின் 200-ஐச் சேர்த்தால் 1500, டெட்லிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அதுவும் பாதிப் பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது. விடோவைப் பின்பக்க எடைக்கூடத்தில் தனியாக வையுங்க, வண்டிக்காரனும் அங்கேயே தொங்கட்டும்.

இன்னொன்று, முதல் கடி பார்டுக்கு விழாமல் பார்த்துக்கொள்ளுங்க. ஆடிக்கொண்டே மத்தளம் அடிக்கலாமா என்று கேட்பான்.

ஜமாப்_பார்ட்

அடிக்கலாம். டிஸ்அட்வான்டேஜோடு.