'பாயின்ட் பிளாங்க்': ஒரு நர்ஸின் பார்வையில்

'கடாரம் கொண்டான்' தமிழ்ப் படத்தைப் பார்த்த பலரும் இங்கே விக்ரமைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் அதன் மூலமான 'பாயின்ட் பிளாங்க்' என்ற ஃபிரெஞ்சுப் படம் பார்த்த கதையைச் சொல்கிறேன். ஐசியூவில் வேலை பார்ப்பதால் எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது.

2010 டிசம்பரில் பிரான்ஸில் தியேட்டருக்கு வந்த படம். இயக்கம் ஃப்ரெட் கவாயே. ஒன்றரை மணி நேரம்கூடக் கிடையாது. காயத்தோடு ஒருவன் ஓடுகிறான், இரண்டு பேர் துரத்துகிறார்கள், மோட்டார் சைக்கிள் மோதி விழுகிறான். யார், எதற்கு என்று எதுவும் சொல்லாமல் கதை நேரே பாரிஸ் மருத்துவமனைக்குப் போய்விடுகிறது.

அங்கே டூட்டியில் இருப்பவன் சாமுவேல். டாக்டர் இல்லை, இன்னும் நர்ஸ்கூட ஆகவில்லை. நர்ஸ் ஆவதற்குப் படித்துக்கொண்டிருக்கும் வார்டு உதவியாளன். யாரோ உள்ளே புகுந்து அடிபட்டவனின் சுவாசக் குழாயை வெட்டிவிட, சாமுவேல் ஓடிப்போய் உயிரைக் காப்பாற்றுகிறான். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வென்டிலேட்டர் குழாய் கழன்றாலே அலாரம் கத்தும். யோசிப்பதற்கு முன்பே கை ஆம்பு பையை, அதாவது அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையை, எடுத்து அழுத்த ஆரம்பித்துவிடும். படுத்திருப்பவன் நல்லவனா, திருடனா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. சாமுவேலுக்கும் தோன்றவில்லை. செய்த நல்லதே வினையாகிறது. வீட்டில் அவனை அடித்துப் போட்டுவிட்டு, கர்ப்பிணி மனைவியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். அப்புறம் போன் வருகிறது: 3 மணி நேரத்துக்குள் அந்த நோயாளியை வெளியே கொண்டு வா.

சாமுவேலாக ஜில் லெலூஷ். அவனுக்குச் சண்டை தெரியாது, துப்பாக்கி பழக்கமில்லை. தெரிந்தது ஆஸ்பத்திரி வேலையும் மனைவி மேல் உள்ள பாசமும்தான். மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் போலீஸ் துரத்தும் காட்சியைக் கவனியுங்கள். ஹீரோ ஓடுவதுபோல ஓடமாட்டான். கண்ட கண்ட வழியில் புகுந்து, கூட்டத்தில் இடித்துக்கொண்டு, மூச்சு முட்ட ஓடுவான். என் வார்டில் வேலை செய்யும் பையன்களில் ஒருவன் மாட்டிக்கொண்டதுபோலப் பதறிப்போனேன்.

தமிழில் எனக்குக் குறையாகப் பட்டது இந்தப் பதற்றம் இல்லாததுதான். விக்ரமின் கம்பீரம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கோலாலம்பூருக்கு மாறிய கதையில் பாரம் முழுக்க விக்ரம் நடித்த அந்த அடிபட்டவன் பக்கம் சாய்ந்துவிட்டது. மனைவியைப் பறிகொடுத்துத் தவிக்கும் கணவன், அபி ஹாசன் நடித்த பாத்திரம், ஓரத்துக்குப் போய்விட்டான். மூலத்தில் ரோஷ்டி ஸெம் அந்த அடிபட்ட ஆளாக அதிகம் பேசாமல் மிரட்டுகிறார். ஆனாலும் படம் சாமுவேலின் படம்தான். பயப்படுகிறவனோடு போனால்தான் கடத்தல் கதையில் நமக்கும் பயம் வரும். என்ன செய்தாலும் தப்பித்துவிடுவான் என்று தெரிந்த ஆளைப் பின்தொடரும்போது, அவள் கதி என்ன ஆகுமோ என்ற தவிப்பு குறைந்துவிடுகிறது.

போலீஸ் ஸ்டேஷனில் நடக்கும் அமளியைப் பற்றிச் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் இருக்கிறீர்கள்.

இன்னொன்று. 'கடாரம் கொண்டான்' எடுத்த ராஜேஷ் எம். செல்வாவின் 'தூங்காவனம்' படமும் ஒரு ஃபிரெஞ்சுக் கடத்தல் கதைதான். மூலம், 2011இல் வந்த 'நுயி பிளான்ஷ்'. மகனைப் பிடித்து வைத்திருக்கும் இரவு விடுதிக்குள் அப்பா ராத்திரி முழுக்க அல்லாடுகிறார். அதன் சமையலறைச் சண்டையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விரிவாக எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.