அங்கே காகம் உண்டா?

குழு: மேலத்தெரு வீடு

டிசம்பர் 19

[இரவு 8:04] அருண் அத்தான்: கென்யாவுக்குப் பயண அனுமதி வந்துவிட்டது. 24ஆம் தேதி கிளம்புகிறோம். நக்குருவில் இரண்டு நாள், மாசாய் மாராவில் மூன்று நாள். பெரிய மாமா, நீங்கள் அங்கே பதினொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எதை எதைப் பார்க்க வேண்டும்? சிங்கம், யானை எல்லாம் எங்களுக்கே தெரியும்.

[இரவு 8:06] அப்பா: சிங்கத்துக்கு உங்களைத் தெரியாமல் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

[இரவு 8:15] சேது பெரியப்பா: சிங்கம் பகல் முழுவதும் புதரடியில் மல்லாந்து கிடக்கும். அதைச் சுற்றிப் பதினைந்து வண்டி நிற்கும். அந்த நேரத்தில் தலைக்கு மேலே இருக்கிற பறவையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மருமகனே, நீ பறவையைப் பார்.

[இரவு 8:16] அருண் அத்தான்: ஐந்து பெரிய விலங்குகள் என்று டிக்கெட்டோடு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள் மாமா.

[இரவு 8:19] சேது பெரியப்பா: அது துப்பாக்கிக்காரன் போட்ட பட்டியல். நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தான ஐந்து என்று அந்தக் கால வேட்டைக்காரர்கள் சொன்னது. உன்னிடம் இருப்பது செல்போன். கென்யாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. அதில் பத்தையாவது பார்த்துவிட்டு வா.

[இரவு 8:20] மீனா அத்தை: பத்தெல்லாம் எனக்கு நினைவில் நிற்காது அண்ணன். ஐந்து போதும்.

[இரவு 8:31] சேது பெரியப்பா: முதலாவது, பனங்காடை. நம் தாமிரபரணிக் கரையில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே, பறக்கும்போது இறக்கையில் நீலம் பளீரென்று தெரியுமே, அதற்குப் பங்காளி. ஆனால் அங்கே இருப்பதற்கு மார்பு இளம் ஊதா, வயிறு வெளிர் நீலம், முதுகு பழுப்பு, தலை பச்சை கலந்தது. வால் ஓரத்தில் இரண்டு நீண்ட இறகுகள். பட்ட மரத்தின் உச்சியில்தான் உட்காரும். தேட வேண்டாம், அதுவே கண்ணில் விழும்.

இரண்டாவது, செக்ரட்டரி பறவை. உடம்பு கழுகு, கால் கொக்கு. நாலடி உயரம். பறக்கத் தெரிந்தும் பெரும்பாலும் நடந்துதான் திரியும். பாம்பைக் கண்டால் அலகால் கொத்தாது, மிதிக்கும். தன் எடையைப் போல் ஐந்து மடங்கு வலு அந்த உதையில் இருப்பதாக அளந்திருக்கிறார்கள். நான் ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். கறுப்பு அரைக்கால் சட்டை போட்ட தலைமைக் குமாஸ்தா கோப்பைத் தேடிக்கொண்டு போவது போல இருந்தது. 2020இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்துவிட்டார்கள். அதனால் கண்டால் விடாதே.

[இரவு 8:33] அப்பா: அண்ணன் இரண்டுக்கே இரண்டு பக்கம் எழுதிவிட்டார். ஐந்து முடிவதற்குள் இவர்கள் போய்த் திரும்பிவிடுவார்கள்.

[இரவு 8:40] லதா: ஆச்சி கேட்கச் சொல்கிறார்கள். நான் தட்டச்சு செய்கிறேன். "அங்கே காகம் உண்டா? மீனா காகத்துக்கு வைக்காமல் சாப்பிடமாட்டாளே. ஏழு நாள் என்ன செய்வாள்?"

[இரவு 8:41] சேது பெரியப்பா: உண்டு அம்மா. ஆனால் நம் காகம் இல்லை. மீனாவே பார்த்துச் சொல்லட்டும்.

[இரவு 8:52] சேது பெரியப்பா: மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தம்பி கோபித்துக்கொள்வான். கோரி என்று ஒன்று, நம் கானமயிலின் ஆப்பிரிக்கச் சொந்தம். ஆண் பதினெட்டுக் கிலோ வரை வரும், பறக்கிற பறவைகளில் இதைவிடக் கனமானது அரிது. தலையில் பொன் கிரீடம் வைத்த கொக்கு, உகாண்டாக்காரர்கள் கொடியிலேயே போட்டிருக்கிறார்கள். தரையில் நடக்கும் இருவாச்சி. பூநாரை.

பூநாரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. என் காலத்தில் நக்குரு ஏரிக் கரை முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும், துணி காயப்போட்டது போல. அந்த ஏரி உப்பும் காரமும் நிறைந்தது. அதில் வளரும் நீலப்பச்சைப் பாசியைத்தான் சிறிய பூநாரை தின்கிறது, அந்த நிறமும் அதிலிருந்துதான் வருகிறது. பதினைந்து வருடமாக ஏரியின் மட்டம் ஏறிக்கொண்டே போய்விட்டது. பூங்காவின் பழைய நுழைவாயில்கூடத் தண்ணீருக்குள். நன்னீர் கலந்ததும் பாசி குறைந்தது, பறவைகள் போகோரியா ஏரிக்குப் போய்விட்டன. அங்கே போக முடியுமா என்று டிரைவரிடம் முதல் நாளே கேள்.

[இரவு 8:55] திவ்யா மதினி: பெரிய மாமா, யாழினி கேட்கிறாள், பூநாரை நம் கூந்தன்குளத்துக்கே வருமே, அதைப் பார்க்க ஏன் ஆப்பிரிக்கா?

[இரவு 8:57] சேது பெரியப்பா: கெட்டிக்காரி. கூந்தன்குளத்துக்கு வருவது பெரிய பூநாரை, நிறம் வெளுப்பு. அங்கே கூட்டமாக நிற்பது சிறியது. அலகைப் பார்க்கச் சொல். கருஞ்சிவப்பாக இருந்தால் சிறியது. வெளிர் சிவப்பில் நுனி மட்டும் கறுப்பாக இருந்தால் பெரியது.

[இரவு 8:59] சேது பெரியப்பா: இன்னொன்று. சுவாஹிலியில் நிறுத்து என்பதற்கு "சிமாமா". பறவை என்பதற்கு "என்டேகே". இந்த இரண்டு சொல் போதும், பயணம் நல்லபடியாக இருக்கும்.

டிசம்பர் 25

[மாலை 4:48] மீனா அத்தை: நைரோபி வந்துவிட்டோம். அண்ணன், இது என்ன அநியாயம்? ஓட்டலுக்குப் போகும் வழியில் ஒரு மரத்தடியில் இறங்கினோம், என் புதுச் சால்வையில் சுண்ணாம்பு போல் ஊற்றிவிட்டது. அண்ணாந்து பார்த்தால் வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, ஆள் உயரத்தில் ஒரு கிழவர். மரம் முழுக்கக் கிழவர்கள்.

[மாலை 4:50] அப்பா: அக்கா, கிழவர்களை மரியாதையாகப் பேசு. இந்தக் குழுவில் நாலு பேர் இருக்கிறோம்.

[மாலை 5:02] சேது பெரியப்பா: மராபு நாரை. நகரத்துக் குப்பைமேட்டிலும் இருக்கும், சிங்கம் தின்ற மிச்சத்திலும் இருக்கும். பிணத்துக்குள் தலையை விடுவதால் அங்கே இறகு இல்லை. அதன் காலைப் பார்த்தாயா? வெள்ளையாகத் தெரியும். நிஜத்தில் கருமை. வெயிலில் சூடு தணியத் தன் எச்சத்தைத் தானே காலில் விட்டுக்கொள்கிறது. உன் சால்வைக்கும் குளிர்ச்சிதான்.

[மாலை 5:03] மீனா அத்தை: அண்ணன்!

டிசம்பர் 26

[மாலை 6:20] அருண் அத்தான்: போகோரியா போய்விட்டோம் மாமா. டிரைவர் முதலில் மறுத்தார், பட்டியலில் இல்லை என்றார். அம்மா "சிமாமா, என்டேகே" என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் மனம் இளகிவிட்டது. என்டேகே என்றால் விமானமும்தானாம். முதல்முறை சொன்னபோது அவர் பாவம் வானத்தைப் பார்த்தார்.

[மாலை 6:22] திவ்யா மதினி: [படம்] கரையிலிருந்து. வெந்நீர் ஊற்று ஆவி விடுகிறது, அதற்குப் பின்னால் இளஞ்சிவப்பாகத் தெரிவது எல்லாம் பறவை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நடக்கின்றன. சத்தம் கல்யாண வீட்டுப் பந்தி போல. நாற்றம் இருக்கிறது, படத்தில் வராது.

[மாலை 6:30] சேது பெரியப்பா: (பத்து நிமிடமாக எதுவும் எழுதத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.)

டிசம்பர் 28

[காலை 9:41] திவ்யா மதினி: மாரா. இங்கே மணி ஏழு. யாழினி எடுத்த படம். [படம்] வண்டியின் முன்பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மேலே மயில்நீலம், வயிறு செங்கல் நிறம். நம் மைனாவின் நடை. "சூப்பர்ப் ஸ்டார்லிங்" என்று எழுதிக்கொண்டோம்.

[காலை 9:46] சேது பெரியப்பா: யாழினி, கண்ணைப் பார். என்ன நிறம்?

[காலை 9:47] திவ்யா மதினி: சிவப்பு என்கிறாள்.

[காலை 9:49] சேது பெரியப்பா: அப்படியானால் அது இல்லை. நீலத்துக்கும் செங்கலுக்கும் நடுவில் வெள்ளைக் கோடு இருக்கிறதா? இல்லையே. கண் வெளுத்து, நடுவில் வெள்ளைப் பட்டை இருந்தால்தான் நீங்கள் சொன்னது. இது ஹில்டிபிராண்ட் மைனா. இரண்டும் ஒரே இடத்தில் மேயும், முக்கால்வாசிப் பேர் ஒன்று என்றே நினைத்துத் திரும்பி வருவார்கள்.

[காலை 9:50] திவ்யா மதினி: யாழினி குறிப்பேட்டில் அடித்துவிட்டு எழுதுகிறாள். நாங்கள் இருவரும் திட்டு வாங்கினோம்.

[காலை 11:15] அருண் அத்தான்: செக்ரட்டரி பறவை!!! மாமா சொன்னது போலவே குமாஸ்தா நடை. ஒரே இடத்தில் நின்று புல்லைத் தடதடவென்று மிதித்தது. பாம்பு இல்லை, வெட்டுக்கிளி. இமையில் முடி இருக்கிறது மாமா, மை தீட்டியது போல.

[காலை 11:18] அப்பா: வெட்டுக்கிளிக்கு ஐந்து மடங்கு உதையா? அநியாயம்.

[பகல் 12:40] அருண் அத்தான்: டிரைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். பிணந்தின்னிக் கழுகு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினால் கீழே ஏதோ செத்திருக்கிறது என்று அர்த்தமாம். அப்படித்தான் சிங்கத்தையும் கண்டுபிடித்தார். வரிக்குதிரையின் மேல் நாற்பது கழுகு இருக்கும்.

[பகல் 12:58] சேது பெரியப்பா: காது மடல் போலச் சதை தொங்கும் பெரிய கழுகு ஒன்று இருக்கும். தோலைக் கிழிப்பது அதன் வேலை, மற்றவை காத்திருக்கும். உடம்பு முழுக்க வெள்ளைச் செதில் போலக் கோடு போட்டது ரூப்பெல் கழுகு. 1973 நவம்பரில் ஐவரி கோஸ்ட்டுக்கு மேலே 37,000 அடி உயரத்தில் ஒரு விமானத்தில் மோதியது அந்த இனம்தான். இறகை வைத்துத்தான் எந்தப் பறவை என்று கண்டுபிடித்தார்கள்.

அங்கேயும் கழுகுகள் குறைந்துகொண்டே வருகின்றன. மாட்டைக் கொன்ற சிங்கத்துக்கு என்று பிணத்தில் விஷம் வைக்கிறார்கள், ஒரே பிணத்தில் நூறு கழுகு போய்விடும். நம் ஊரில் மாட்டுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகைக் கொன்றது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவற்றை எண்ணிவிடலாம். நாற்பதை ஒரே இடத்தில் பார்த்தேன் என்கிறாய். சின்ன வயதில் நம் ஊர்ச் சுடுகாட்டுப் பனையில் நான் பார்த்தது அது.

[பகல் 2:35] மீனா அத்தை: சாப்பாட்டைப் பறிகொடுத்தோம். மரத்தடியில் டப்பாவைத் திறந்து சப்பாத்தியைக் கையில் எடுத்தேன், பின்னாலிருந்து ஒரு பருந்து. விரலில் நகம் படவில்லை, சப்பாத்தி மட்டும் இல்லை. உள்ளே வைத்திருந்த உருளைக்கிழங்கு என் மடியில்.

[பகல் 2:37] அப்பா: பருந்துக்கும் மசாலா ஒத்துக்கொள்ளாது போல.

[பகல் 2:44] சேது பெரியப்பா: நம் கள்ளப் பருந்தின் நெருங்கிய உறவு. பெயரைச் சும்மா வைக்கவில்லை. இனி வண்டிக்குள் சாப்பிடுங்கள். பூங்காவில் எதற்கும் எதையும் கொடுக்கவும் கூடாது, தெரியாமலும்கூட.

டிசம்பர் 29

[காலை 9:05] திவ்யா மதினி: விடிவதற்கு முன்னால் தூரத்தில் யாரோ உறுமிமேளம் அடிப்பது போல ஒரு சத்தம். சிங்கம் என்று அருண் சொன்னார். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் நான்கு கறுப்புப் பறவைகள் வரிசையாகப் புல்லில் நடந்து வருகின்றன. வான்கோழியைவிடப் பெரிது, முகம் சிவப்பு.

[காலை 9:10] சேது பெரியப்பா: தரை இருவாச்சி! ஒன்றுக்குத் தொண்டையில் நீலம் இருந்ததா? அது பெண். நம் மலை இருவாச்சி பொந்துக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொள்ளும், ஆண் ஊட்டும். இது அடைத்துக்கொள்வதில்லை. குடும்பமாகச் சேர்ந்து ஒரே ஒரு குஞ்சை வளர்க்கும். யார் தாய், யார் சித்தி என்று வெளியே தெரியாது.

[காலை 9:12] லதா: ஆச்சி சொல்கிறார்கள், "நம் வீடு போல."

[காலை 9:30] அருண் அத்தான்: மாமா, தேன் காட்டும் பறவை என்று டிரைவர் ஒன்று சொன்னார். நம்பலாமா?

[காலை 9:48] சேது பெரியப்பா: நம்பலாம். ஆட்காட்டி போல இதைத் தேன்காட்டி என்று வைத்துக்கொள். பார்க்கச் சிட்டு போல, நிறமே இல்லை. மனிதனைக் கண்டால் கத்திக் கூப்பிட்டு, மரத்துக்கு மரம் தாவித் தேன்கூடு வரை கூட்டிப்போகும். அவன் புகை போட்டுத் தேனை எடுத்ததும் மெழுகு இதற்கு. மொசாம்பிக்கில் யாவோ மக்கள் நாக்கை உருட்டி "ப்ர்ர்ர்ஹ்ம்" என்று அழைப்பார்கள். 2016இல் அதைச் சோதித்து எழுதினார்கள். அந்தக் குரலைக் கொடுத்தால் கூடு கிடைக்கும் வாய்ப்பு 100க்கு 54, மற்றச் சத்தங்களுக்குச் சுமார் 16. பழக்கப்படுத்தாத காட்டுப் பறவை, கவனி.

ஆனால் யாழினியிடம் மற்றதைச் சொல்லாதே. இது குயில் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும். குஞ்சு கண் திறக்கும் முன்பே அலகு நுனிக் கொக்கியால் அந்த வீட்டுக் குஞ்சுகளைக் குத்திக் கொன்றுவிடும்.

[காலை 9:49] திவ்யா மதினி: மாமா, என் போன் யாழினி கையில் இருக்கிறது.

[காலை 9:50] சேது பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

[காலை 9:51] திவ்யா மதினி: படித்துவிட்டாள். குறிப்பேட்டில் இரண்டாம் இடம் கொடுத்திருக்கிறாள்.

டிசம்பர் 31

[காலை 10:20] மீனா அத்தை: [படம்] அம்மாவிடம் காட்டு லதா. நைரோபி ஓட்டல் மாடி. காகம் வந்துவிட்டது. கறுப்பு உடம்புக்கு மேல் வெள்ளைப் பனியன்.

[காலை 10:24] சேது பெரியப்பா: அதுதான் அந்த ஊர்க் காகம். நம் காகம் மொம்பாசாக் கடற்கரையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் குப்பையைத் தின்னட்டும் என்று சான்சிபாருக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து கரை முழுக்கப் பரவிவிட்டது. 2024இல் பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாகக் கென்ய அரசு அறிவித்தது.

[காலை 10:31] லதா: ஆச்சி கோபமாக இருக்கிறார்கள். "கூட்டிக்கொண்டு போனது யார்? அதுவாகவா கப்பல் ஏறியது? இப்போது கொல்வார்களா?"

[காலை 10:33] சேது பெரியப்பா: அந்த ஊர்ச் சின்னப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் விடுவதில்லை அம்மா.

[காலை 10:41] லதா: ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறார்கள், "மீனா, பனியன்காரனுக்கு என்ன வைத்தாய்?"

[காலை 10:44] மீனா அத்தை: சோறு ஏது அம்மா? ரொட்டியைப் பிய்த்துச் சுவரில் வைத்தேன். கா கா என்று மூன்று முறை கூப்பிட்டேன்.

[காலை 10:45] லதா: "வந்ததா?"

[காலை 10:45] மீனா அத்தை: இரண்டாவதிலேயே.