ராலேயில் ஃபெஸ்க்யூ புல் ஜூலையில் பழுப்பாவது ஏன்?

ராலேவாசி: வட கரோலினா, ராலே பக்கம் வீடு. முன்புறம் டால் ஃபெஸ்க்யூ புல். ஏப்ரலில் கண்ணைப் பறிக்கும் பச்சை; இப்போது வட்ட வட்டமாகப் பழுப்பு. தினமும் மாலையில் தண்ணீர் விடுகிறேன். உரம் போடலாமா?

மண்வெட்டி: தழைச்சத்து உரம் இப்போது வேண்டவே வேண்டாம், தம்பி. இது குளிர்ந்த பருவத்தில் வளரும் புல், கோடை வெயிலில் தளர்ந்துவிடும். நீங்கள் சொல்வது பிரவுன் பேட்ச் என்ற பூஞ்சை நோய் மாதிரி இருக்கிறது; இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். விடிகாலையில், வாரத்துக்கு ஒரு அங்குலம் அளவுக்கு, வேர்வரை இறங்கும்படி விடுங்கள். மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். இது கொத்தாக வளரும் புல். அருகம்புல் மாதிரி ஓடிப் படர்ந்து சொட்டையை மூடாது. செப்டம்பரில் மண்ணைத் துளையிட்டு மறுபடி விதைக்க வேண்டும், 1000 சதுர அடிக்கு சுமார் 6 பவுண்டு.

பண்ணைவீடு: மலிவாகக் கிடைக்கிறதே என்று கென்டக்கி 31 என்ற ஃபெஸ்க்யூ விதையை வாங்கிவிடாதீர்கள். 1931-ல் கென்டக்கி மலைச்சரிவில் கண்டெடுத்த மேய்ச்சல் ரகம், இலை முரடு. அதற்குள்ளேயே வாழும் வேறொரு பூஞ்சையால் புல் வறட்சி தாங்கும்; சினைக் குதிரைக்கோ ஆபத்து.

ராலேவாசி: குதிரை இல்லை அண்ணா, முயல் மட்டும்தான், அதுவும் அழையா விருந்தாளி! மார்ச்சில் விதைத்தால் ஆகாதா?

மண்வெட்டி: முளைக்கும். வேர் ஆழமாக இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும்.