குடும்ப நாள்: ஆற்றங்கரைச் சாலையில் கல் கொட்டுவது பற்றி

அன்புள்ள சொந்தங்களுக்கு வணக்கம்.

ஆற்றங்கரையில் வைத்திருக்கிற நம் குடும்ப நாளுக்கு முன்னால் நாமே ஒரு லோரி கல் இறக்கி, ஆற்றங்கரைக்குப் போகிற சாலையில் உள்ள குழிகளை மூடிவிடலாம் என்று கிள்ளான் மாமா எழுதியிருந்தார். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் உடனே பணம் தருகிறோம் என்று பதில் வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் இதில் சங்கப் பணத்தை இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. தார்ச்சாலைக் குத்தகை வேலையில் பல வருஷம் கிடந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் காஜாங் தம்பியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சிலாங்கூர் ஹுலு லங்காட்டில் பதினெட்டாங் கட்டை (பதினெட்டாவது மைல்) தாண்டி, உட்சாலை பிரியும் இடம்வரை ஒரு குறையும் இல்லை. உள்ளே திரும்பியதும்தான் தொல்லை. அதிலும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வளைவு படுமோசம். சாலையோரக் கால்வாயில் மட்டையும் சருகும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது. தாரில் விழுந்த விரிசல் வழியாக அது இறங்கி அடித்தளக் கல்லை இளக்கிவிடும். குலை ஏற்றிய லோரி மேலே ஏறும்போதெல்லாம் கீழிருந்து சேறு பிதுங்கும். குழி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் வண்டல் படிந்திருந்தது. அடித்தளத்துக் கல்தூள்தான் அப்படி வெளியே வந்து கிடக்கிறது. தண்ணீர் நிறைந்து கிடந்த ஒரு குழியில் தம்பி குச்சியை விட்டுப் பார்த்தான். ஒரு சாண் இறங்கியது. மேலே பார்த்தால் சும்மா மழைத்தண்ணீர் தேங்கியது போலத்தான் தெரிகிறது.

ஊரில் கண்மாய்க் கரைக்கு நாமே செம்மண் அடிக்கவில்லையா என்று மாமா கேட்கிறார். அடித்தோம். அது மண்பாதை, மண்ணோடு மண் சேர்ந்து இறுகிக்கொண்டது. ஊராட்சித் தலைவரும் கூடவே நின்றார். இங்கே தார்க்குழியில் வெறும் கல்லைக் கொட்டினால் ரெண்டு மழைக்குள் பாதி சாலையில் சிதறிக் கிடக்கும். காருக்குப் பரவாயில்லை, மோட்டாரில் வருகிற பையன் அதன்மேல் பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? விழுந்தவன் வீட்டார் முதலில் கேட்பது கல்லைக் கொட்டியது யார் என்றுதான்.

அப்படியானால் பையில் விற்கிற கோல்ட் மிக்ஸ், அதாவது சூடாக்காமலே போடுகிற தார்க்கலவை, வாங்கிப் போடலாமே என்று ஜொகூர் அக்கா கேட்டிருந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் ஆழம் உள்ள ஒரே குழிக்கு நூறு கிலோவுக்கு மேல் பிடிக்கும், 25 கிலோ பையில் நாலைந்து பை. அந்த வளைவில் மட்டும் எத்தனை குழி! அதையும் தண்ணீரை இறைத்து, ஓரத்தைச் சதுரமாக வெட்டி, இளகினதையெல்லாம் அள்ளிவிட்டு, போட்டு இடிக்க வேண்டும். கால்வாய் அடைத்தபடியே கிடந்தால் அடுத்த மழைக்காலத்தில் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதுக்குழி விழும்.

ஆகவே முதலில் அந்தச் சாலை யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரிய சாலைகளில் இது சுலபம். பலகையில் வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன்னால் பி என்ற எழுத்து இருந்தால் சிலாங்கூர் மாநிலச் சாலை, கார் எண்ணில் வருகிற அதே எழுத்து. நம் உட்சாலையில் எந்தப் பலகையும் இல்லை. நகராண்மைக் கழகத்துடையதாக இருக்கலாம், மாவட்ட அலுவலகம் பார்க்கிற கம்பத்து (கிராமத்து)ச் சாலையாக இருக்கலாம், கடைசித் துண்டு வன இலாகாவுடையதாகவோ தோட்டத்துக்குச் சொந்தமானதாகவோகூட இருக்கலாம். மாநிலங்களின் சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசு கொடுக்கிற மானியம் அரசியலமைப்பின் 109ஆம் விதிப்படி வருவது. அது மாரிஸ் என்ற பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான். ஏறாத சாலைக்கு எத்தனை புகார் போட்டாலும் அதிகாரி கை விரிப்பார், அவரைக் குறை சொல்லியும் புண்ணியமில்லை. தோட்டத்துச் சாலை என்றால் தோட்ட நிர்வாகத்திடம்தான் பேச வேண்டும்.

கடந்த வருஷம் போட்ட புகாருக்குப் பதிலே வராததில் எனக்கு ஆச்சரியமில்லை. ‘ஆற்றுக்குப் போகிற ரோடு ரொம்ப மோசம்’ என்று ஒரு வரி எழுதினால் எங்கே என்று தேடுவார்கள்? இந்தத் தடவை ஒவ்வொரு குழிக்கும் இடக்குறியீட்டோடு படம் எடுத்து வைத்திருக்கிறோம், பக்கத்தில் ஒரு செருப்பை அளவுக்கு வைத்து. அடைத்த கால்வாயின் படமும் உண்டு. என்னைக் கேட்டால் முக்கியமான படம் அதுதான். மலாயில் கடிதம் தயார். நகராண்மைக் கழகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கொடுத்து, பிரதியைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் கொடுப்போம். 2023இல் பொதுப்பணி அமைச்சு கொண்டுவந்த மைஜாலான் செயலியிலும் தம்பி பதிவு செய்கிறான்.

ரிம் வளைந்துபோன பூச்சோங் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. சாதாரணக் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. இனி யாருக்காவது இப்படி ஆனால் அந்த இடத்திலேயே படம் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்து, பட்டறை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இவை இல்லாமல் யாரிடமும் நஷ்டம் கேட்பது கஷ்டம்.

சரி, குடும்ப நாளுக்கு வருவோம். ஜூன் கடைசியில் வைத்தது நல்லது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கொட்டுகிற மழை அப்போது ஓரளவு குறைவாக இருக்கும். பெரிய பஸ் உள்ளே போகவே வேண்டாம். பிரிவுச் சாலை முனையில் இறங்கி, வேன்களில் மாறி மாறிப் போவோம். முதுகு வலி உள்ள பெரியவர்களை உயரமான வண்டியில் முன் சீட்டில் உட்கார வையுங்கள். சொந்தக் காரில் வருபவர்கள் முன்வண்டியை ஒட்டிப் போகாதீர்கள், குழியை மறைத்துவிடும். தண்ணீர் தேங்கிய இடம் எல்லாம் ஆழம் என்றே நினைத்து, குழிக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

பகல் ரெண்டு மணிக்குப் புறப்பட்டுவிட வேண்டும், இதில் பேரம் கிடையாது. சாலைக்காக மட்டுமில்லை. மேலே மலையில் மழை பிடித்தால், நமக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம், வந்துவிடும். தண்ணீர் கலங்கி, இலை தழை மிதந்து வர ஆரம்பித்தால் குளித்தது போதும் என்று பிள்ளைகளை மேலே ஏற்றிவிடுங்கள்.

பிரியாணி அண்டாவை யார் கொண்டுவருவது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை, அதைச் செயலாளர் தனி மடலில் எழுதுவார். எனக்கு இப்போது வேண்டியது ரெண்டே விஷயம். ஹைலக்ஸ் மாதிரி உயரமான வண்டி வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். ஹுலு லங்காட் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால், கடிதத்தை நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கிவர முடியுமா?

அன்புடன்,
செந்தூல் கிளையிலிருந்து