புதுப்பிப்பு: செட்டிநாட்டுப் பழைய வீட்டில் சுவர் உப்புப் பூத்தால்

பழைய வீட்டை வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்ற முந்தைய பதிவில் ஓடு, மரம், சுவர் என்று வரிசை சொல்லியிருந்தேன். அதிகம் பேர் கேட்டது, "உப்புப் பூத்த (வெள்ளைப் பொடியாக உப்பு வெளிவந்த) சுவரில் சிமெண்ட் பூசிவிடலாமா?" என்றுதான். வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைப்பதால் ஈரம் மேலே ஏறும், உப்பு உள்ளே படிகமாகிப் பூச்சைத் தள்ளிவிடும்.

முதலில் சோதனை: 2 அடி சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவரில் இருக்கிறது. அறைப் பக்கம் நின்றால் காற்று ஈரம். தொண்டிப் பக்கக் கடலோர வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும்.

சிமெண்ட் பூச்சு இருந்தால் ஈரக்கறைக்கு மேல் ஒன்றரை அடி வரை கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். நன்றாகக் காய்ந்த பிறகு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த மணல் கலந்து பூசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு ஊருணித் தண்ணீர்தான். மேலே வெள்ளை அடித்தால் போதும், பிளாஸ்டிக் பெயின்ட் மறுபடி அடைக்கும்.

மரத்தைப் பொறுத்தவரை, சுவருக்குள் போகும் உத்தர நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தேக்கின் வைரம் (கெட்டியான நடுப்பகுதி) தாங்கும். பின்னாளில் மாற்றிய நாட்டுமரத்தில்தான் கரையான். வளவு (நடுமுற்றம்) மூலைத் தகர வாய்க்காலில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பதை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.