பிள்ளைகளே பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவது: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் ஆசிரியர்களே. கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 24 பிள்ளைகள். சிலர் வீட்டில் தமிழ், சிலர் வீட்டில் மலையாளம் கலந்த பேச்சு.

குழுவாகப் படிப்பது நன்றாகவே போகிறது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் டெக்சாஸில் தொடங்கிய ஜிக்சா முறைப்படி (ஒவ்வொருவரும் ஒரு பகுதியைப் படித்து, குழுவில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது) நீர்ச்சுழற்சிப் பாடத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் ஆளுக்கொரு பகுதி கொடுத்தேன். வாயே திறக்காத ஒரு பெண், வீட்டு போர்வெல் வற்றிய கதையைச் சொல்லி நிலத்தடி நீரை விளக்கினாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

சிக்கல் சக மதிப்பீட்டில்தான். நோட்டை மாற்றிக் கொடுத்தால் தோழிக்குப் பத்துக்குப் பத்து, சண்டை போட்டவனுக்கு மூன்று. சரி, மார்க்கே வேண்டாம் என்று ‘இரண்டு நட்சத்திரம், ஒரு ஆசை’ முறைக்கு மாறினேன். அதாவது, நன்றாக இருப்பது இரண்டு, இன்னும் சரிசெய்ய வேண்டியது ஒன்று. எல்லா நோட்டிலும் ‘கையெழுத்து அழகு’ மட்டும்தான் வருகிறது!

போன வாரம் ஒருவன் ‘எனக்கு’ என்பதை ‘எனிக்கு’ என்று எழுதியிருந்தான். வீட்டு மலையாளம் கையில் வந்துவிட்டது, அவ்வளவுதான். பக்கத்துப் பையன் சிவப்பு மையில் அதைச் சுற்றி மூன்று வட்டம் போட்டுச் சிரித்தான். அதற்கப்புறம், அப்படி எழுதிய பையன் தன் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யாருக்கும் தருவதில்லை. அது என்னை மிகவும் உறுத்துகிறது.

எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்தே முடிவுசெய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த வார்த்தைகளில் எழுதிப் போட்டீர்கள்? பெயர் மறைத்த மாதிரித் தாளில் முதலில் பழக்குவது பலன் தருமா? இந்தப் பையனை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?