உள்ளங்கை நீள விளைமீனில் சினை

ஆசிரியை, உட்துறைமுக வீதி:
திருகோணமலை, திருக்கடலூரில் சென்ற மாதம் ஒரு கிலோ விளைமீன் வாங்கினேன். ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடச் சற்றே நீளம். வயிற்றைக் கீறினால் மூன்றில் சினை! அம்மா எட்டிப் பார்த்து, "குஞ்சே பிள்ளைத்தாய்ச்சியா?" என்றார்.

எனக்குக் கனடாவின் கொட் மீன் நினைவு வந்தது. (பெயரில் கொட் இருந்தாலும், நமது கொட்பேத் துறைமுகத்தில் அந்த மீன் கிடையாது.) நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 1992இல் கொட் பிடிப்பதை நிறுத்துவதற்கு முன்பே, அவை வரவர இளவயதில், சிறிய உடம்போடு சினைப்படத் தொடங்கியிருந்தன. வளர்ந்தபின் முட்டையிடலாம் என்று காத்திருந்த மீனை வலை முந்திக்கொண்டது. அவசரக்காரிதான் வம்சம் விட்டாள். அமெரிக்காவில் கொனோவர், மன்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சில்வர்சைட் என்னும் சிறுமீனைத் தொட்டிகளில் வளர்த்து, தலைமுறைக்கு 90 சதவீதத்தை அள்ளினார்கள். சில தொட்டிகளில் பெரியவற்றை, சிலவற்றில் சிறியவற்றை. 2002இல் முடிவை வெளியிட்டார்கள்: நான்கே தலைமுறையில், சிறியவற்றை அள்ளிய தொட்டிகளின் மீன் மற்றதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு எடை.

பெரியதைப் பிடி, சிறியதை விடு என்பதுதானே நாம் நல்லதென்று நினைக்கும் சட்டம்?

முப்பது வருடக் கடற்தொழிலாளி:
ரீச்சர், கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அது நெத்தலியையும் விடாது, பாரையையும் விடாது. செவுள்வலைதான் ஆள் பார்த்துப் பிடிக்கும். சிறியது வலைக்கண்ணுக்குள்ளால் நழுவும், மிகப் பெரியது தலை நுழையாமல் முட்டித் திரும்பும், நடுத்தரம் மாட்டும். தூண்டிலில்தான் பெரியவை போயின. ஐயா காலத்துக் கலவாய் மீனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இப்போது முழு மீனும் சட்டிக்குள் அடங்குகிறது.

ஆசிரியை:
அண்ணா, கரைவலையை நான் யோசிக்கவேயில்லை. கலவாயில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: பல இனங்கள் முதலில் பெண்ணாக இருந்து, பெருத்தபின் ஆணாகின்றன. பெரியதைத் தூக்கினால் ஆண்கள்தான் குறையும். என் மூன்று விளைமீன்கள் எதற்கும் சாட்சியாகா. தீனியும் கடற்சூடும் மாறினாலும் முந்திச் சினைப்படலாம், இயல்பிலேயே சிறிய விளைமீன் இனங்களும் உண்டு. அளந்து பார்க்க ஆசை. சனிக்கிழமை அடிமட்டத்தோடு கரையிலுள்ள உங்கள் மீன்வாடிக்கு வரட்டுமா?

கடற்தொழிலாளி:
வாருங்கள். ஐந்து மணிக்கே வரவேண்டும், ஆறுக்கு வியாபாரி ஏற்றிவிடுவார்.